சேம அச்சு

வடுகபட்டியில் இன்றைக்கும் யாரும் வேன் ‘புக்’ பண்ணுவதில்லை. வண்டி கட்டுகிறார்கள். “வைகாசியில பழனிக்கு வண்டி கட்டுறோம், நீயும் ஒரு பங்கு போடுப்பா” என்று கேட்பார்கள். எதை எதில் கட்டுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. நுகத்தடியில் மாட்டைக் கட்டிய காலத்துச் சொல் அது. மாடு போனது, நுகத்தடி போனது, கட்டுவது மட்டும் டீசல் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதைவிட வேடிக்கை ‘பூட்டு’. என் தாத்தா தலைமுறையில் வண்டியைப் பூட்டினால் கிளம்புகிறோம் என்று அர்த்தம். இப்போது வண்டியைப் பூட்டினால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.

நான் பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை மனைவி, பிள்ளைகளோடு ஓசூர், சேலம், கரூர், திண்டுக்கல் வழியாக நானூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டி ஊருக்கு வருவேன். ஊரிலிருந்து அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு குமுளிக்கோ மூணாறுக்கோ போவதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு பட்டியல் போடுவேன்: டயர் காற்று, கூலன்ட், பிரேக் ஆயில், வைப்பர், ஸ்டெப்னி. எங்கள் பகுதியின் சாலைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. சாலை எப்போது போட்டார்கள், பாலம் எப்போது கட்டினார்கள், யார் திறந்துவைத்தார்கள் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாளை யாரும் எழுதவில்லை. ஆனால் பயணத்தைத் தீர்மானிப்பது அந்த முந்தின நாள்தான். அன்றைக்கு யாருடைய கை வேலை செய்கிறதோ அந்தக் கைகளைப் பொறுத்துத்தான் ‘குடும்பமாகப் போய்வருவது’ ஒரு சிலருக்கு வாய்த்தது, பலருக்கு வாய்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த முந்தின நாளைப் பற்றியது.

*

தமிழில் நெடும்பயண ஆயத்தம் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று புறநானூற்றின் 102-ஆம் பாடலில் இருக்கிறது. ஔவையார் பாடியது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ வேண்டும். புலியென்றோ களிறென்றோ சொல்லாமல், உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியிலிருந்து உவமையை எடுக்கிறார். மாடுகள் இளசு, நுகம் பழகாதவை. பாரமோ அதிகம். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும் என்று உமணர்கள் வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சைச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்கள். சேம அச்சு. நீ அந்த மாதிரி என்கிறார் இளவரசனைப் பார்த்து.

முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஓர் இளவரசனைப் பார்த்து ‘நீ எங்கள் ஸ்டெப்னி’ என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்? பிறகுதான் அதன் கனம் புரிந்தது. சர்வர் ஒன்று விழுந்தால் இன்னொன்று எழ வேண்டும் என்று நாங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்வதும் இதே வேலைதான். எது உடைந்தால் பயணமே நின்றுபோகுமோ அதைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் ஒரு மாற்று வைப்பது. உமணர் இரண்டாவது சக்கரம் கட்டவில்லை, இரண்டாவது நுகத்தடி கட்டவில்லை. அச்சைத்தான் கட்டினார். சுமைக்கு நடுவே இன்னொரு சுமையாக எதை ஏற்றலாம் என்று கணக்குப் பார்த்த மூளை அது.

உமணர்கள் தனியாகவும் போகவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை அவர்களுடைய வண்டியை நின்று நிதானமாகப் பார்க்கிறது. கூரை வேய்ந்த வண்டி. அதில் கோழியும் பயணம் செய்கிறது. காடிப் பானை தொங்குகிறது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி பின்னாலிருந்து மாடுகளை ஓட்டுகிறாள். ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். சாப்பாடு, குழந்தை, வளர்ப்புப் பிராணி, மாற்று உதிரிபாகம் எல்லாம் ஒரே வண்டியில். நாம் ‘ரோடு ட்ரிப்’ என்று சொல்லும் சமாச்சாரத்தின் முழு உருவமும் அங்கே இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. அது உல்லாசம் இல்லை, பிழைப்பு. அதனாலேயே வண்டியைத் தயார் செய்பவரும் ஓட்டுபவரும் அதில் வாழ்பவரும் ஒரே குடும்பம்.

அந்த மூன்றும் பிரிந்துபோனதுதான் பிற்காலத்துக் கதை.

*

என் அப்பத்தா சாகும்வரை வண்டி மையின் வாசனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். “வேட்டி கிழிஞ்சாலும் கிழியும், அந்த மை மட்டும் போகாதுடா” என்று சொல்லும். அச்சின் முனையில் கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மையை அப்பி, திரும்பத் தள்ளிக் கடையாணியை அடிக்க வேண்டும். விளக்கெண்ணெய் கெட்டியானது, சூட்டில் அவ்வளவு சுலபமாக இளகி ஓடாது. கரி அதற்கு உடம்பு கொடுக்கும். இன்றைக்குக் கடையில் விற்கும் கறுப்பு கிரீஸுக்கும் இதே சூத்திரம்தான்: ஓர் எண்ணெய், அதைப் பிடித்துவைக்க ஒரு பொருள், கூடவே கிராஃபைட் மாதிரி ஒரு கரி.

சக்கரத்தின் கதை இன்னும் அழகானது. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றின் முனையில் வட்டை, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க வெளியே இரும்புப் பட்டா. பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகவே செய்வார்கள். வறட்டி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சினால் இரும்பு விரியும். ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தின் பட்டாவை ஐந்நூறு டிகிரி சூடேற்றினால் சுற்றளவு ஏறத்தாழ 3 செ.மீ. கூடும். அந்த மூன்று சென்டிமீட்டரை நம்பி, நாலைந்து பேர் இடுக்கியால் தூக்கி மரச்சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால் ஒவ்வொன்றும் தன் துளைக்குள் நெறிந்து உட்காரும். ஒரு ஆணி, ஒரு பசை கிடையாது. கல்லூரியில் வெப்ப விரிவு படித்த வருஷம் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பாடம் இன்னும் சீக்கிரம் மண்டையில் ஏறியிருக்கும்.

பிறகு மாடு. மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது என்பதால் காலுக்கு இரண்டு லாடம், ஒரு மாட்டுக்கு எட்டு, ஜோடிக்குப் பதினாறு. வெயில் காலத்தில் மரம் உலர்ந்து சக்கரம் ஆட்டம் கொடுத்தால் கண்மாயில் ஊறப்போட வேண்டும். கூண்டுக்கு மூங்கில் வளைக்க வேண்டும். உட்கார வைக்கோல் பரப்ப வேண்டும். அதுவே மெத்தை, வழியில் அதுவே மாட்டுக்குத் தீனி. அடியில் அரிக்கேன் விளக்கு. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போக வேண்டுமென்றால் இந்த வேலையெல்லாம் பங்குனியிலேயே தொடங்கிவிடும். சாயங்காலம் பூட்டினால் விடியற்காலை முல்லையாற்றங்கரை. குழந்தைகளுக்கு அது தூக்கத்தில் நடந்த பயணம்.

இதை எழுதும்போது எல்லாம் இனிமையாகத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பங்குனி வேலையை யார் செய்தார்கள்? சக்கரம் தச்சர் கை. பட்டாவும் லாடமும் கொல்லர் கை. அவர்களுக்கு அறுப்பு முடிந்ததும் களத்தில் தானியம் அளப்பார்கள். ராத்திரி முழுக்க மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தவர் பண்ணையாள். வண்டிக்குள் தூங்கியது வண்டிக்காரக் குடும்பம். வண்டி இல்லாதவர்கள் பின்னாலேயே நடந்தார்கள். ஓட்டியவரின் பெண்டாட்டி பிள்ளைகளும் அந்த நடந்தவர்களில்தான் இருந்தார்கள். “அவுகளும் வந்தாக, பின்னாடி நடந்து வந்தாக” என்று அப்பத்தா சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கும்.

*

எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே, பெரியகுளத்தையொட்டிய மலையடிவாரத்தில், இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து மலையேறியவர்கள் அவர்கள். பிறகு வருஷா வருஷம் கோடையில் மனைவி மக்களோடு மலைக்குப் போவது ஒரு வழக்கமானது. தமிழ்நாட்டில் ‘லீவுக்குக் குடும்பத்தோடு மலைக்குப் போவது’ என்ற பழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று எங்கள் பக்கத்துச் சாலையில்தான் இருக்கிறது.

1875-இல் திருச்சி – மதுரை ரயில் பாதை வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். கோடை ரோடு என்று இன்றைக்குச் சொல்லும் ஸ்டேஷன். அங்கிருந்து வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாக முப்பது மைலுக்கு மேல் மாட்டு வண்டி. மணிக்கு இரண்டு, இரண்டரை மைல் வேகம் என்றால் ஒரு முழு இரவு. விடிந்தால் பெரியகுளம் அருகே கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் வண்டி ஏறாது. பத்துப் பன்னிரண்டு மைல் ஒற்றையடிப் பாதை செண்பகனூர் பக்கமாக மலை மேலே போகும். ஆண்கள் மட்டக்குதிரையிலோ நடந்தோ போவார்கள். பெண்களும் குழந்தைகளும் டோலியில், நாற்காலியில், மனிதத் தோள்களில். பெட்டி, படுக்கை, பாத்திரம் எல்லாம் தலைச்சுமை. சமவெளி சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100. ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்குப் போக, எத்தனையோ தோள்கள் ஆயிரத்து எண்ணூறு மீட்டர் ஏறின. அந்தப் பாதைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே ‘கூலி காட்’, கூலிக்காரர்களின் மலைவழி. பெயர் வைத்தவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானலில் ஹைகிளர்க் பள்ளி தொடங்கியது. இன்றைய சர்வதேசப் பள்ளி. குழந்தைகளைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் இந்த வழியில் வாடிக்கையானது. அந்தப் பயணத்தின் ஆயத்தம் என்பது வண்டியைத் தயார் செய்வது மட்டுமில்லை. மாற்று மாடுகள் வழியில் நிற்க வேண்டும், அடிவாரத்தில் ஆட்கள் காத்திருக்க வேண்டும், ஒரு செட் தோள் சலித்தால் இன்னொரு செட் தோள் ஏற்க வேண்டும். ஔவையார் பாட்டில் மரமாக இருந்த சேம அச்சு இங்கே மனிதனாகிவிட்டது.

மேஜர் லா 1870-களில் திட்டம் போட்டுத் தொடங்கிய மலைச்சாலை பாதியில் நின்று, பல வருஷம் கிடந்து, 1914-க்கும் 1916-க்கும் இடையில் முடிந்து மோட்டாருக்குத் திறந்தது. வத்தலக்குண்டிலிருந்து நேரே மேலே போகும் இன்றைய காட் ரோடு அதுதான். கூலி காட் காலியானது. சுமந்தவர்களுக்கு விடுதலை என்று சொல்லலாம், பிழைப்பு போனது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

அதே மலைச்சரிவில் கும்பக்கரைக்கு மேலே வெள்ளகவி என்று ஒரு கிராமம். கொடைக்கானலுக்குக் கார் ஏறத் தொடங்கி நூறு வருஷம் கழித்தும், சாலை இல்லாமல், நோயாளிகளையும் பிரசவ வேதனையில் இருந்த பெண்களையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு காட்டுவழியே நடந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். துரைசானிகளைத் தூக்கிய அதே கருவி. சுமந்தவர்களின் வீட்டுக்கு அது ஆம்புலன்ஸ்.

*

வடுகபட்டிக்கு வந்த வண்டிகளில் ஒரு தொகுதி திரும்பிப் போகவே இல்லை. வைகை அணைக்காக 1957-இல் 14 கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றான மெட்டூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய குடும்பங்களில் ஒன்றின் சிறுவன்தான் பின்னாளில் கவிஞர் வைரமுத்து. அந்த இடப்பெயர்வுதான் 2003-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தின் களம். 1959-இல் அணை திறக்கப்பட்டது. குடும்பமாக வண்டி கட்டிப் போவது என்றதும் நம் மனசில் திருவிழாவும் லீவும்தான் வருகிறது. இதுவும் குடும்பமாக வண்டி கட்டியதுதான். திரும்பி வருகிற பயணத்துக்கு எதை எடுத்துக்கொள்வது என்று யோசிப்போம். திரும்பாத பயணத்துக்கு எதை விட்டுவிடுவது என்று யோசிக்க வேண்டும். அந்த முந்தின நாளுக்குப் பட்டியல் போட யாராலும் முடியாது.

*

கார் வந்தபோது எங்கள் பக்கம் அதற்கு வைத்த பெயர் ‘பிளசர்’. ‘பிளசர் கார்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதி. சரக்குக்கு லாரி, உல்லாசத்துக்குப் பிளசர். கார் என்பதே சந்தோஷத்துக்கான வண்டி என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

ஆனால் சந்தோஷம் ஓடுவதற்கும் சாலை சுத்தமாக இருக்க வேண்டும். மாட்டு லாடத்திலிருந்து உதிரும் ஆணி ரப்பர் டயருக்கு எமன். டி.வி.எஸ். பேருந்துகளுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டு ஆணி பொறுக்குவார்கள் என்று மதுரைப் பக்கம் ஒரு கதை சொல்வதுண்டு. ஒரு வண்டியின் ஆயத்தம் இன்னொரு வண்டியின் பஞ்சர்.

உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமும் ஒரு குடும்பப் பயணம்தான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், அவர் செய்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த தன் அம்மா ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்ததும் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டதும் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். அந்தத் தோல்தான் பிரேக் லைனிங்கின் முன்னோடி என்கிறார்கள். உமணப் பெண்ணுக்குப் பிறகு நான் சந்திக்கும் இரண்டாவது ஆள் இவர். ஆயத்தமும் ஓட்டுவதும் பயணமும் இவரிடம் மறுபடி ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. அம்மா வீட்டுக்குப் போவதற்காக.

எங்கள் ஊரில் அது நடக்கவில்லை. அம்பாசிடர் காலத்தில் வண்டியோடு ஒரு டிரைவர் அண்ணனும் வந்தார். பேன் பெல்ட் ஒன்று, பிளக் ஒரு செட், ஜாக்கி, ஒரு கேன் தண்ணீர் என்று அவர் எடுத்து வைப்பார். மலையேறும்போது பெட்ரோல் பம்ப் சூடாகி, பெட்ரோல் ஆவியாகி வண்டி இழுக்காமல் நின்றால் ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றுவார். ரேடியேட்டர் கொதித்தால் ஆறும்வரை மூடியைத் திறக்க விடமாட்டார். கிளம்பும்போது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் பழம் வைக்க வேண்டுமென்றால் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் குனிய வேண்டும். விமானிகள் பறக்கும் முன் விமானத்தைச் சுற்றி நடப்பதும் அதற்காகத்தான்.

பிறகு மேட்டடார், டெம்போ டிராவலர். 1928-இல் வந்த மதுரை – போடி ரயில், அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் நின்றது. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். பத்து வருஷத்துக்கு மேல் தேனிப் பள்ளத்தாக்கில் ரயிலே கிடையாது. கல்யாணம், காதுகுத்து, பழனி, சபரிமலை எல்லாவற்றுக்கும் வண்டி கட்டுவது தவிர வேறு வழியில்லை. ஒரு விதத்தில் அது நல்லதையும் செய்தது. பண்ணையாளின் பேரனும் பங்கு போட்டு சீட்டில் உட்கார்ந்தான். பின்னால் நடந்தவர்கள் உள்ளே வந்தார்கள். வடுகபட்டியின் சமூக வரலாற்றில் வாடகை வேனுக்கு ஒரு நல்ல இடம் உண்டு என்று நினைக்கிறேன்.

*

ஆனால் உள்ளே வந்தவர்கள் பத்தாயிருந்தாலும் பதினாறாயிருந்தாலும் வண்டி ஒன்றுதான். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்ற குறளை நாம் அரசியல் அறிவுரையாகவே படித்துப் பழகிவிட்டோம். அதை ஒருமுறை வண்டி பற்றிய அறிவுரையாகவும் படிக்கலாம்.

குமுளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர். அங்கிருந்து லோயர் கேம்ப் வருவதற்குள், சில கிலோமீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கிவிடுகிறோம். ஆளும் சாமானுமாக 2,000 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 78 லட்சம் ஜூல். இருபது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அவ்வளவு சூடும் எங்காவது போயாக வேண்டும். கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டாப் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் முழுச் சூடும் நாலு பிரேக்குக்குள் இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு வருஷம் மாற்றாமல் விட்ட ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. “ஏறின கியர்லயே இறங்குப்பா” என்று பழைய டிரைவர்கள் சொல்வதன் முழு இயற்பியல் இதுதான்.

2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். எங்கள் ஊருக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் பெரிய தூரமில்லை. பெண் கொடுத்து எடுத்த ஊர். மறுநாள் எங்கள் தெருவில் டீக்கடைக்காரர் கூட ரேடியோ போடவில்லை. இதை யார் மேலும் பழி சொல்ல நினைவுபடுத்தவில்லை. அந்த மலைச்சாலையில் ஒவ்வொரு கார்த்திகை, மார்கழியிலும் ஆயிரக்கணக்கான வண்டிகள் இரவு முழுக்க இறங்குகின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

வண்டி மாட்டைப் பற்றி ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அது களைத்தால் நின்றுவிடும். அவிழ்த்துத் தண்ணி காட்டி, வைக்கோல் போட்டு, அது அசைபோட்டு எழுந்திரிக்கும்வரை பயணமும் நிற்கும். களைப்பு இன்ஜினுக்கே இருந்ததால், ஓய்வும் இன்ஜினுக்குள்ளேயே இருந்தது. ஓட்டுபவர் கொஞ்சம் கண் அசந்தாலும் பழகின தடத்தில் மாடு போய்க்கொண்டிருக்கும். மோட்டார் வந்தபின் இன்ஜினுக்குக் களைப்பு இல்லை. களைப்பு மொத்தமும் ஓட்டுபவரிடம் போய்ச் சேர்ந்தது. அவரோ மாடு மாதிரி நின்றுவிட முடியாது. நின்றால் பேட்டா போகும், அடுத்த சவாரி போகும்.

நாம் வண்டி கட்டிப் போகும்போது என்ன நடக்கிறது? கொடைக்கானலிலோ கன்னியாகுமரியிலோ குடும்பம் விடுதியில் அறை எடுக்கும். “அண்ணே, காலைல ஆறு மணிக்கு ரெடியா இருங்கண்ணே” என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவோம். அண்ணன் வேன் சீட்டை மடித்து, கண்ணாடியைக் கொசு வராத அளவு இறக்கி, மூச்சு முட்டாத அளவு திறந்து, வேஷ்டியைப் போர்த்திப் படுப்பார். காலையில் பொதுக் கழிப்பறை தேடிப் போவார். ஆறு மணிக்கு முகத்தில் விபூதியோடு ரெடியாக நிற்பார். பிறகு நம் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு அவர் மலையிறங்க வேண்டும். அன்றைய பயணத்தில் ஆயில் மாற்றாத, காற்று பார்க்காத, கிரீஸ் வைக்காத ஒரே பாகம் அவர்தான்.

2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் விருந்தினர்களின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் உள்ள தங்குமிடம் தர வேண்டும் என்று கொண்டுவந்தது. செய்தித்தாளில் நாலு வரியில் வந்துபோன விஷயம். என்னைக் கேட்டால், கூலி காட்டிலிருந்து காட் ரோட்டுக்கு மாறியதற்கு இணையான திருப்பம் அது. ஒரு குடும்பத்தின் பயணத்தைச் சுமப்பவருக்கும் உடம்பு உண்டு என்று முதல் தடவையாகக் கட்டட வரைபடத்தில் எழுதியிருக்கிறார்கள். எல்லா விடுதியிலும் அது நடக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் நாம் கேட்டால்தான் நடக்கும்.

*

ஸ்டெப்னி என்ற சொல் வேல்ஸிலுள்ள லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-இல் அந்தத் தெருவில் டேவிஸ் சகோதரர்கள் கார்களுக்கான மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை மறந்தே போனார்கள். நாம் இன்னும் விடவில்லை. ஆனால் பொருளை விடத் தொடங்கிவிட்டோம். 2020-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ட்யூப் இல்லாத டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்றது. சரியான முடிவுதான். காற்று இறங்குவதை முன்கூட்டியே சொல்லும் மென்பொருளை எழுதும் ஆட்களில் ஒருவன் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

உமணர் கணக்கு இப்போதும் அதேதான்: எது உடைந்தால் எல்லாமே நிற்கும்? அன்றைக்கு அச்சு. அம்பாசிடர் காலத்தில் டயரும் பேன் பெல்ட்டும். இன்றைக்கு டயர் தானே பேசுகிறது, இன்ஜின் தானே எச்சரிக்கிறது, சாலை நாலு வழியாகிவிட்டது. மிச்சமிருப்பது தூக்கம் ஒன்றுதான். அதனால் என் பட்டியலில் இப்போது டயர் காற்றுக்கும் பிரேக் ஆயிலுக்கும் மேலே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். நான் ஓட்டும் நாளில் முதல் வரி: முந்தின ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கியாயிற்றா; இல்லையென்றால் கிளம்புவது நாளைக்கு. வண்டி கட்டிப் போகும் நாளில் இரண்டாவது வரி: டிரைவர் அண்ணனுக்கு எந்த அறை?

போன தைப்பூசத்துக்கு அந்த இரண்டாவது வரியை வாசித்துக் காட்டியபோது பங்கு போட்ட மாமா ஒருத்தர், “தலைக்கு நாப்பது ரூவா கூட வரும்ப்பா” என்றார். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். பிறகு “சரி, சேர்த்துக்க” என்று எடுத்துக் கொடுத்தார்.